யுத்த காலத்தில் கொழுந்தெடுத்த அப்பாயிமாருக்கு

ஊவா மலைகளில் பேருக்கு, அதாவது நாள் கூலிக்கு, உழைத்த எங்கள் அப்பாயிமாரே, அம்மாயிமாரே,

உங்களில் பலருக்கு எழுத்து தெரியாது. யாராவது சத்தம் போட்டு வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் அதற்கு இன்று உங்கள் பேரப்பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள்.

நீங்கள் ஒரு யுத்தத்துக்கு உழைத்தீர்கள். அதை உங்களுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 1939இல் சண்டை தொடங்கியதும் லண்டன் தேயிலை ஏலம் நின்றுபோனது. பிரிட்டனின் உணவு அமைச்சே தேயிலையை மொத்தமாக வாங்கத் தொடங்கியது. 1940 ஜூலையில் அங்கே பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். 1942 மார்ச்சில் தேயிலை தந்த ஜாவாவும் ஜப்பான் வசமானது. அதன் பிறகு அந்த இரண்டு அவுன்ஸுக்குப் பெரும்பாலும் இந்தியாவையும் நம் மலைகளையும்தான் நம்பியிருந்தார்கள். பதுங்கு குழியிலும் ஆயுதத் தொழிற்சாலையிலும் அவர்கள் குடித்த தேத்தண்ணியில் உங்கள் மடுவத்துத் தராசில் நிறுத்த கொழுந்தும் இருந்தது.

அந்த நிறுவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வீசும் வறண்ட காற்று. அந்தக் காற்றில்தான் இலைக்கு வாசம் ஏறும். ஆனால் செடி துளிர்ப்பதும் அப்போதுதான் குறையும். தலைக்கயிறு நெற்றியில் பதிய, இடுப்பில் படங்கு சுற்றி, நிரை நிரையாகத் தேடித் தேடிக் கிள்ளினாலும் கூடை நிறையாது. நிறை குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் கூலிதான். உலகம் மெச்சிய கொழுந்தைப் பறித்த மாதங்களில் உங்கள் மடியில் காசு குறைந்தது. இந்தக் கணக்கின் அநியாயம் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

அடுத்தது அரிசி. 1942இல் பர்மா விழுந்ததும் பர்மா அரிசி வருவது நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது, லய வீடுகளின் அடுப்பில் கோதுமை மா ஏறியது. காலையில் ரொட்டி, ராத்திரியிலும் ரொட்டி. இன்றைக்கு ஊரே ருசித்துத் தின்னும் ரொட்டியும் சம்பலும் எங்கள் வீட்டில் பிடித்துப்போய்த் தொடங்கியதல்ல. லயத்தின் கடைசி அறையான எங்கள் தொங்கக் காம்பராவுக்குப் பின்னால் இருந்த சரிவை அப்பாயி கொத்தியதும் அந்த வருஷங்களில்தான் என்று வீட்டில் சொல்வார்கள். பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் விடியலில் கொஞ்சம், மலையிலிருந்து திரும்பி இருட்டுமுன் கொஞ்சம். மேலே மரவள்ளி, கீழே போஞ்சி, ஓரமாக நாலு மிளகாய்ச் செடி. மண் கரையாமல் இருக்கக் கல்லடுக்கியவர் தாத்தா. பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்த பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வயிறு நிரம்பியது அந்தக் கிழங்கால்தான். அதே சரிவில் இப்போது அம்மா லீக்ஸ் போடுகிறார்.

யுத்தத்தை நினைவுகூர இந்தத் தீவில் கற்களுக்குக் குறைவில்லை. முதலாம் யுத்தத்தில் மாண்டவர்களுக்காக லட்யன்ஸ் வரைந்த தூண் காலிமுகத்திடலில் நின்றது. இரண்டாம் யுத்தத்தில் ஜப்பான் விமானங்களுக்கு அடையாளமாகிவிடுமோ என்று பயந்து அதைக் கழற்றி, இன்றைய விகாரமகாதேவிப் பூங்காவில் நட்டார்கள். 1914 ஒக்டோபரில் தோட்டத் துரைமாரின் ரைபிள் படை எகிப்துக்குக் கப்பல் ஏறி, பிறகு கல்லிப்பொலிவரை போனது. போனவர்களில் திரும்பாதவர்கள் உண்டு. அவர்கள் வீட்டாரின் துக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் துரை துப்பாக்கி எடுத்துப் போன பிறகும் மலையில் கொழுந்து பறிபட்டதே, பறித்தது யார்?

நீங்கள் வாய் மூடிப் பறிக்கவும் இல்லை. அதற்கும் என் நன்றி. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் செத்தார். பயந்து அடங்குவீர்கள் என்று நினைத்திருப்பார்கள். அதே வருஷம் மே மாதம் பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர்களே ஆள் தெரிந்தெடுத்துச் சபை அமைத்தார்கள். அந்தச் சபையைக் கலந்து நடப்பதாகத் துரையே ஒப்புக்கொண்டார். அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து ஆயுதத்தையே பறித்தார்கள். ஆண்டான் யுத்தத்தில் இருக்கும்போது கூலிக்காரன் கேட்கலாமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு, இன்றும் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்.

யுத்தம் முடிந்து மூன்றே வருஷம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் உங்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வாக்கும் போனது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து உங்களைத் தலைக்கணக்கில் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இங்கே 3,00,000 பேர், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. எங்கள் தாத்தாவின் தம்பி கப்பல் ஏறினார். அவர் அடுக்கிய கல்லும் அந்தச் சரிவில் இருக்கிறது.

ஜனவரி 10ஐ இப்போது மலையகத் தியாகிகள் தினமாக வைக்கிறோம். 2023இல், நம் முன்னோர் மலைக்கு வந்து இருநூறு வருஷமென்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தார்கள். அன்று அந்த வழியில் நடந்து செத்தவர்களை நினைத்தார்கள், நல்லது. யுத்த வருஷங்களில் வயிற்றைக் கட்டி மலையைக் கட்டிக் காத்தவர்களை நினைக்க மட்டும் தனி நாள் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் நாங்களே ஒன்று வைத்துக்கொண்டோம். காற்று மாதம் பிறந்ததும் ஒரு ஞாயிறு, சரிவில் பிடுங்கிய முதல் மரவள்ளியை அவித்து முனியாண்டிக்குப் படைத்து, தெரிந்த பேர்களையெல்லாம் சொல்கிறோம். பேர் தெரியாதவர்களுக்கு அவர்கள் வேலை செய்த மலையின் இலக்கத்தைச் சொல்கிறோம்.

சரிவுக்கு இன்னும் காணி உறுதிப் பத்திரம் கிடைக்கவில்லை. காகிதத்தில் அது தோட்டக் காணிதான். கேட்டுக்கொண்டிருக்கிறோம், கேட்கும் பழக்கத்தை நீங்கள்தானே விட்டுப் போனீர்கள். கிடைத்தால் பத்திரத்தில் முதல் பேராக உங்கள் பேரைப் போட முடியுமா என்று கிராம சேவகரிடம் அம்மா விசாரித்திருக்கிறார். அவர் சிரித்தாராம். அம்மா சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
தொங்கக் காம்பராவில் பிறந்த உங்கள் பேத்தி