இருமல் வரவழைக்கும் எண்ணெய்

நவம்பரில் கியாந்திக்குப் போனால் கொடியில் திராட்சை இருக்காது. மஞ்சள் இலைகள்தான் மிச்சம். ஆலிவுக்கு அதுவே பருவம். இத்தாலியில், ஃபிளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே, கிரேவே ஊரைத் தாண்டி ஒரு மலைச்சரிவுப் பண்ணையில் தங்கியிருந்தேன்.

தங்கிய வீடு ஒருகாலத்தில் வாரக் குடியானவர்களுடையது. கீழே மாட்டுத் தொழுவம், மேலே குடும்பம். குளிர்காலத்தில் மாட்டின் உடற்சூடு மேல்தளம் வரை ஏறும். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, அதுதான் வாரம். புதிய வார ஒப்பந்தங்களை 1964-ல் தடை செய்தார்கள். அதற்குள் பல குடும்பங்கள் ஆலை வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டன. தொழுவத்தில் இப்போது ஒயின் சுவைக்கும் மேசை கிடக்கிறது.

தோப்பில் பருத்த மரமே கண்ணில் படவில்லை. ஒரே அடியிலிருந்து மூன்று, நான்கு தண்டுகள். 1985 ஜனவரி உறைபனியில், கியாந்தி அடங்கிய தொஸ்கானா மாநிலத்தின் ஆலிவ் மரங்கள் லட்சக்கணக்கில் கருகின. தரையோடு வெட்டிவிட்டு, வேரிலிருந்து துளிர்த்ததை வளர்த்தார்கள். "ராத்திரி பட்டை வெடிக்கிற சத்தம் வீட்டுக்குள்ளே கேட்டது" என்றார் கவாத்துக்காரப் பெரியவர். கிளைகளுக்கு நடுவே தகைவிலான் குருவி சிறகு இடிக்காமல் பறந்து போக வேண்டும். அதுதான் அவருக்குக் கவாத்தின் அளவுகோல்.

மரத்தடியில் வலை விரித்து, நீண்ட கோலின் நுனியில் அதிரும் சீப்பால் காய்களை உதிர்க்கிறார்கள். பறிப்பவர்களில் அல்பேனியாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. அண்ணாந்தே நிற்கும் வேலை. மாலையில் கழுத்தைத் திருப்ப முடிவதில்லை. காய்கள் ஆறு ஏழு மணி நேரத்தில் ஆலைக்குப் போயாக வேண்டும். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும்.

ஆலையில் கல் செக்கை எதிர்பார்த்து வந்த விருந்தினர்களுக்கு எஃகு இயந்திரங்களைப் பார்த்து முகம் வாடியது. எனக்கு அதில் வருத்தமில்லை. பழைய முறையில் அரைத்த விழுதைப் பாய்களில் பரப்பிப் பிழிவார்கள். நேற்றைய எண்ணெயின் சிக்கு இன்றைய எண்ணெயிலும் ஏறும். இங்கே விழுதை 27 டிகிரி தாண்டவிடாமல் பிசைந்து, சுழற்றிப் பிரிக்கிறார்கள். 100 கிலோ காய்க்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோ எண்ணெய் வந்தால் நல்ல வரவு.

ஒயின் சுவைப்பு வழக்கம்போல நடந்தது. இந்தப் பகுதி ஒயினின் கருஞ்சேவல் முத்திரை, குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே திராட்சை, நிறைய பேச்சு. அதன் பிறகுதான் எண்ணெய். நிறத்தைப் பார்த்துத் தரம் முடிவு செய்துவிடக் கூடாதென்று நீலக் கண்ணாடிக் கிண்ணம். உள்ளங்கையால் மூடிச் சூடாக்கி, முகர்ந்து, காற்றோடு உறிஞ்ச வேண்டும். முதலில் பச்சைப் புல் வாசம், பிறகு கசப்பு, கடைசியில் தொண்டையில் மிளகுக் காரம். மேசை முழுக்க இருமல். புது எண்ணெயில் குறையென்று பலர் நினைப்பது இந்தக் காரத்தைத்தான். அது ஒலியோகாந்தால் என்ற பொருளின் வேலை. வலிநிவாரணியான இபுபுரூஃபென் தொண்டையைக் குத்துவதும் இப்படித்தான்.

ஒயினை யோசிக்காமல் பெட்டியாக வாங்கியவர்கள் எண்ணெய் விலையைக் கேட்டதும் போத்தலைத் திரும்ப வைத்தார்கள். ஒயினுக்கு வயது கூடலாம். எண்ணெய் அடுத்த அறுவடைக்குள் தீர்ந்தாக வேண்டும்.

பண்ணை விடுதிகளுக்கான தேசியச் சட்டமும் உறைபனி அடித்த அதே 1985-ல், டிசம்பரில் வந்தது. விவசாயம்தான் தொழில், தங்குமிடம் அதற்குத் துணை என்றது அந்தச் சட்டம். கணக்கு எப்படி என்று பண்ணைக்கார அம்மாவிடம் கேட்டேன். "பறிக்கிறவங்க கூலி அறை வாடகையிலிருந்துதான் போகுது" என்றார்.