கொட்டுகிற பூ

எங்கள் வாசல் புங்கமரத்தின் கிளைகளைக் கழிக்கச் சொன்னது நான்தான். மின்கம்பியில் உரசுகிறது என்று வீட்டில் காரணம் சொன்னேன். பொய். கம்பிக்கும் கிளைக்கும் நடுவே இரண்டு ஆள் உயரம் இடைவெளி இருந்தது. அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான காரணம், பூ. புங்கன் மாசியில் இலை உதிர்க்கும், உடனே பளபளவென்று தளிர்க்கும், பங்குனி சித்திரையில் பூத்துக் கொட்டும். தெருவில் போகிறவர்கள் பொரி இறைத்த மாதிரி இருக்கிறதென்று நின்று பார்ப்பார்கள். அள்ளுகிறவன் நான். கூட்டி நிமிர்வதற்குள் இன்னொரு பரப்பு விழுந்திருக்கும். ராத்திரிப் பனியில் நனைந்த பூ சிமெண்ட் தரையோடு அப்பிக்கொள்ளும். தென்னந்துடைப்பத்தைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். காய்ந்தது காற்றில் வீட்டுக்குள் வரும். மிச்சம் சாக்கடை வாயை அடைக்கும்.

வேலைக்கு அஞ்சுகிறவன் என்று என்னைச் சொல்லிவிடவும் முடியாது. மல்லிகைக்குக் கார்த்திகையில் கவாத்து நானேதான் செய்கிறேன். முழங்கால் உயரம் விட்டு வெட்டி, இலையை உருவி, தொழுஉரம் வைத்துத் தண்ணீர் விடுவேன். மொட்டு ஊதா நிறம் காட்டினால் புழு விழுந்துவிட்டதென்று கிள்ளி எறிவேன். அது கசப்பதில்லை. ஏனென்றால் பங்குனியில் பக்கத்து வீடுகளுக்கு மொட்டு கொடுத்தனுப்பலாம், "உங்க தோட்டத்துப் பூவா சார்?" என்று கேட்பார்கள். புங்கம்பூவை யாரும் தலையில் வைப்பதில்லை. தேனீக்கு மட்டும்தான் அதில் ஆதாயம். எனக்குப் பெயர் வாங்கித் தராத பூவைக் கூட்ட எனக்கு மனசில்லை.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்து, கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது பண்ருட்டிப் பக்கம் போய்ப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். அடுத்த மழைக்கு வைத்த கன்றுதான் இந்தப் புங்கன். நிழலை நினைத்து வைத்தேன், பூக்குமே என்று யோசிக்கவில்லை. பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டி, மலையாகக் குவித்த மண்ணின் மேல் மெனக்கெட்டு மரம் வளர்க்கிறார்கள். வாசலில் தானாகத் தழைத்ததை நான் கூலி கொடுத்துக் கழித்தேன்.

போதாததற்கு, ஊர் வடலூர். பயிர் வாடினால் தானும் வாடிய வள்ளலார் 1867இல் தருமசாலை தொடங்கிய இடம். தைப்பூச ஜோதி பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு ஜீவகாருண்யம் பற்றி எடுத்துச் சொல்வது நான்தான். பூசம் முடிந்து மாசி பிறந்ததும் அரிவாளோடு ஆள் கூப்பிட்டதும் நான்தான்.

அந்த வருடம் பூ இல்லை. வாசல் துடைத்துவிட்டது போல இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. கத்திரி வந்தது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுக்கிற மனைவி, அனல் தாங்காமல் உள்ளே மின்விசிறிக்கடியில் போய் உட்கார்ந்தாள். "கம்பி உரசுதுன்னு கரண்டு ஆபீஸ்காரங்க சொன்னாங்களா, நீங்களா பார்த்தீங்களா?" என்று கேட்டாள். நானாகத்தான் பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

புங்கன் மறுபடி தழைத்துவிட்டது. வெட்ட வெட்டத் துளிர்க்கிற ஜாதி. உதிர்ந்த பூவை மட்கவைத்தால் மல்லிகைக்கு நல்ல உரம். தோட்டத்து மூலையில் அதற்குக் குழிகூட வெட்டி வைத்திருக்கிறேன். கூட்டி அள்ளிப் போடப்போவது யார் என்பதுதான் முடிவாகவில்லை. இந்த மாசியில் அந்த மரம் வெட்டுகிறவர் தெருவழியே போகையில் நின்று, "கிளை கழிக்கணுமா சார்?" என்று கேட்டார். பிறகு பார்ப்போம் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.