சேதாரம்

ஒரு நாவலின் அட்டையையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுகிறவனை நாம் மன்னிக்கமாட்டோம். புகைப்படக்காரர்கள் மத்தியில் இது சகஜம். லைக்கா மாதிரி ஒரு கம்பெனி புதிய லென்ஸ் ஒன்றை அறிவித்த அன்றே, அதில் ஒரு படமும் எடுத்திராதவர்கள் அதன் குணம், போக்கு, ஆன்மா வரைக்கும் பேசி முடித்துவிடுகிறார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சில வருஷங்களாக இந்தப் பேச்சை ஒரு வாசகனாகத் தொடர்ந்து வருகிறேன். லென்ஸை வாங்கும் சக்தியோ உத்தேசமோ எனக்குக் கிடையாது. ஒரு பொருளைப் பற்றி, அது கைக்கு வருமுன், மனிதர்கள் என்னென்ன பாஷையில் பேசுகிறார்கள் என்பதுதான் என் அக்கறை. விமர்சனம் என்று நாம் செய்வதும் அடிப்படையில் இந்தப் பாஷையைச் சேர்ந்ததுதானோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

2021 ஜனவரியில் லைக்கா அறிவித்த 50 மில்லிமீட்டர் நாக்டிலக்ஸ் எஃப் 1.2-ஐ எடுத்துக்கொள்கிறேன். புதிய லென்ஸ் என்று அதைச் சொல்வது சரியில்லை. புதிதாகச் செய்யப்பட்ட பழைய லென்ஸ். முதல் நாக்டிலக்ஸ் 1966-ல் வந்தது. பெயரிலேயே ராத்திரியும் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலம். 1.2 என்றால், அன்றைய மந்தமான பிலிமிலும், மங்கலான அறை வெளிச்சத்தில் காமிராவைக் கையில் பிடித்தபடியே படமெடுக்க ஒரு வழி என்று அர்த்தம். ஆனால் வாய் அகன்றால் தொல்லையும் கூடும். ஓரத்தில் நுழைகிற ஒளியும் மையத்தில் நுழைகிற ஒளியும் ஒரே புள்ளியில் போய்ச் சேராது. இதைச் சரிக்கட்ட, கோள வளைவிலிருந்து சற்றே விலகிய இரண்டு பரப்புகளை அந்த லென்ஸில் வைத்தார்கள். கையால் ஓட்டுகிற மெஷினில் அவற்றைத் தீட்டவேண்டியிருந்தது. கழித்துப் போட்டவை ஏராளம். 1975 வரை தயாரித்தும் மொத்த எண்ணிக்கை 2000-ஐ எட்டவில்லை.

அதன்பின் கனடாவில், ஆண்டாரியோ மாகாணத்து மிட்லண்டில் இருந்த லைட்ஸ் தொழிற்சாலையில், வால்டர் மாண்ட்லர் அந்த விசேஷப் பரப்புகள் இல்லாமலே எஃப் 1 ஒன்றைச் செய்து காட்டினார். 2008-ல் எஃப் 0.95 வந்தது. ஒவ்வொன்றும் முந்தையதன் குறையைத் தீர்க்க எழுந்தது. நாற்பது வருஷங்களுக்கு மேல் இப்படி முன்னேறியபின், 2021-ல் 1966-க்குத் திரும்பிப் போனார்கள். அன்றைய குறைகள் கூடுமானவரை அப்படியே இருக்கும்படி, இன்றைய மெஷின்களில், இன்றைய துல்லியத்தோடு செய்தார்கள். விலை 7695 டாலர். வெள்ளி நிறத்தில் 100 மட்டும் தனியே. ஒரு குமாஸ்தாவாக, என் வருஷச் சம்பளம் முழுவதும் சிற்சில நூறு கிராம் கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் ஈடாவதை மனத்துக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அதற்குமேல் விலையைப் பற்றி எனக்குப் பேச்சில்லை.

மற்றவர்களுக்கு இருந்தது. முதலில் எழுவது எப்போதும் விலைக்குரல்தான். லைக்கா பல் வைத்தியர்களின் காமிரா என்பது மேல்நாட்டில் பழகித் தேய்ந்த கேலி; அது மறுபடி கேட்டது. இரண்டாவது, இன்ஜினியர் குரல்: எஃப் 0.95 இருக்கும்போது, ஓரங்களில் மழுங்குகிற ஒரு லென்ஸுக்கு எதற்காக இவ்வளவு? மூன்றாவது, பக்தர்களின் குரல். ஒளிரும் இடங்களைச் சுற்றி லேசாகப் படரும் பனி, மையத்திலிருந்து விலக விலகக் கரைந்துபோகும் உருவங்கள் - இவை குறைகளல்ல, குணம் என்றார்கள். இன்றைய லென்ஸ்கள் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி சுத்தமாகிவிட்டன, அதில் மூச்சில்லை என்றார்கள். நான்காவதாக ஒரு தணிந்த குரல்: படங்கள் வரட்டும், பார்க்கலாம். இதைச் சொன்னவர்கள் குறைவு. சொன்னபின் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை என்பதால் அவர்களை யாரும் கவனிக்கவுமில்லை.

இந்தச் சச்சரவில் ஒரு விசித்திரம் உண்டு. ரேஞ்ச்பைண்டர் காமிராவில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல். அதில் காட்சி முழுவதும், அருகும் தொலைவும், ஒரே தெளிவில் தெரியும். நடுவில் ஒரு வெளிறிய கட்டம். அதில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் தூரம் சரியாகிவிட்டது என்று பொருள். லென்ஸ் எதை மங்கலாக்கப் போகிறது, எதைச் சுற்றிப் பனி படரப் போகிறது என்பது படமெடுக்கிறவன் கண்ணுக்கு அந்தக் கணத்தில் தெரிவதே இல்லை. இன்றைய டிஜிட்டல் உடம்புகளில் பின்னால் உள்ள திரையில் பார்க்க வழி உண்டு. ஆனால் இந்தக் காமிராவை நாடுகிறவன் நாடுவது அந்த ஜன்னலைத்தான். ஆக, லென்ஸின் குணத்தைப் பற்றி உலகத்தில் அதிகமாகச் சண்டை போடுகிறவர்கள், படமெடுக்கும்போது அந்தக் குணத்தைக் காணாதவர்கள். கார்த்தியே-ப்ரெஸ்ஸான் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே பெரும்பாலும் நம்பி, காமிராவின் பளபளப்பைக் கறுப்பு டேப்பால் மூடிக்கொண்டு தெருவில் நடந்தார். அவர் ஜன்னலில் தேடியது மனிதர்கள் ஒரு வடிவத்துக்குள் வந்து விழும் கணத்தை. கண்ணாடி பின்னால் செய்வதைக் கண்ணாடியிடமே விட்டுவிட்டார்.

இதற்கு நேரெதிர்க் கோடியில் 2012 மே மாதம் பெர்லினில் அறிவிக்கப்பட்ட அபோ-சம்மிக்ரான். அதுவும் 50 மில்லிமீட்டர், எஃப் 2. அதே அளவில், அதே வாய் அகலத்தில், மாண்ட்லரின் 1979-ஆம் வருஷத்து லென்ஸ் ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விலை, 7195 டாலர். எதற்கு? வெவ்வேறு நிறத்து ஒளிகள் வெவ்வேறு இடங்களில் குவிவது கண்ணாடியின் இயற்கை. அவற்றை ஒரே தளத்தில் கொண்டுவந்து சேர்ப்பதற்கு. அன்றே கறுப்பு வெள்ளை மட்டும் பதிவு செய்யும் மோனோக்ரோம் காமிராவும் அறிவிக்கப்பட்டது. நிறமே தெரியாத காமிராவோடு நிறத்தைத் திருத்திய லென்ஸா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிப்பு அவசரச் சிரிப்பு. நிறப்பிசகு கறுப்பு வெள்ளையில் மறைந்துபோவதில்லை, மழுங்கலாக உருமாறி நிற்கும்.

2012-ல் கேட்ட புகார், அளவுக்கு மீறிய பூரணம். 2021-ல் கேட்ட புகார், விலைக்கு வாங்கும் அபூரணம். ஏறத்தாழ ஒரே விலை. இரண்டு சமயத்திலும் எடுக்கப்பட்ட படங்கள் ஒரு சாக்கு மட்டுமே.

பாஷை இதில் செய்யும் வேலை சாதாரணமானதல்ல. படத்தில் மங்கலாகிப்போன பின்னணியின் தன்மைக்கு இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கவில்லை. 1997-ல் அமெரிக்காவின் ‘போட்டோ டெக்னிக்ஸ்’ பத்திரிகை, ஜப்பானியரிடமிருந்து ‘பொகே’ என்ற சொல்லை எடுத்துப் பிரபலமாக்கியது. உச்சரிப்புத் தவறிப்போகக்கூடாதென்று ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன் அதன் கடைசியில் ஓர் எழுத்தை ஒட்டிவைத்தார். மங்கல் என்பதற்கு மேல் அதில் அதிகம் இல்லை. ஜப்பானியத்தில் அதே ஒலி முதுமையில் புத்தி மங்குவதற்கும் வழங்குகிறது. சொல் வந்த பிறகு எல்லோருக்கும் அது தெரிய ஆரம்பித்தது. தெரிந்த பிறகு அது வேண்டியிருந்தது. வேண்டியிருந்ததால் விலை வந்தது. ‘படிமம்’ என்ற சொல் நம்மிடம் புழக்கத்துக்கு வந்தபின் கவிதைகளில் படிமங்கள் பெருகியதை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

என்னிடம் ஒரு சோர்க்கி காமிரா இருக்கிறது. ரஷ்யர்கள் பழைய லைக்காவைப் பார்த்துச் செய்த வம்சம். அதில் ஜூபிட்டர்-8 லென்ஸ். ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியாரின் சோனார் அமைப்பைத் தழுவியது. நான் பிறப்பதற்கு முன்பே உருவாகி, பழைய சாமான் கடை ஒன்றில் என் கைக்கு வந்தது. அதில் அம்மாவை ஒரு படம் எடுத்தேன். பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஜன்னல் வெளிச்சம் மூக்குக்கண்ணாடியில் பட்டு, கன்னத்தின் மேல் லேசாகச் சிந்தியிருக்கிறது. அதற்கடுத்த வருஷம் அவள் இல்லை. புகைப்படத்தில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, “என்ன லென்ஸ் சார்?” என்று கேட்டார். சொன்னேன். “அதான் இந்த க்ளோ” என்றார். யார் என்று கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர்; படத்தை என்னைவிடக் கூர்மையாகப் பார்த்தவர் என்றுகூடச் சொல்லலாம். அந்தச் சிந்தலின் காரணத்தை அவர் சரியாகச் சொல்லிவிட்டார். அன்றிரவு நானும் அந்தக் கன்னத்தில் சிந்தலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்குத் திரும்பிவரச் சில நாட்கள் ஆயின.

எங்கள் கிளையில் நகைக் கடனுக்கு மதிப்பீட்டாளர் ஒருவர் வருகிறார். உரைகல், அமிலம், தராசு. கல் வைத்த நகையென்றால் கல்லின் எடையைக் கழித்துவிடுவார். எவ்வளவு நுணுக்கமான வேலையாக இருந்தாலும் செய்கூலிக்கு வங்கியில் ஒரு ரூபாய் மதிப்பு கிடையாது, சேதாரத்துக்கும் கிடையாது. தங்கம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அடகு வைக்க வந்த பெண்கள் இதைக் கேட்டு முகம் சுருங்குவதைத் தினம் பார்க்கிறேன். கடையில் அவர்கள் செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தவர்கள். லென்ஸைப் பற்றிய பேச்சைப் படிக்கும்போது எனக்கு இந்த நினைவு வரும். இங்கே கணக்கு தலைகீழ். 1966-ல் மெஷினிலிருந்து கழிந்து விழுந்தது சேதாரம். கண்ணாடிக்குள் ஒரே புள்ளிக்கு வராமல் சிதறிப்போன ஒளியும் ஒருவகைச் சேதாரம்தான். அந்தச் சேதாரமே 2021-ல் சரக்காகிவிட்டது.

குறை வேண்டுமென்றே வைக்கப்பட்டால் அது பொய்யாகிவிடும் என்று நான் வாதிக்கவில்லை. 1935-ல் லைட்ஸ் கம்பெனி தம்பார் என்று ஒரு 90 மில்லிமீட்டர் லென்ஸ் வெளியிட்டது. முகங்களை மென்மையாக எடுப்பதற்கென்றே, தெரிந்தே, மங்கலாகச் செய்யப்பட்டது. மையத்து ஒளியைத் தடுக்க நடுவில் ஒரு பொட்டு வைத்த கண்ணாடியும் அதோடு உண்டு. எவ்வளவு மங்கல் வேண்டுமென்பதைப் படமெடுக்கிறவன் தீர்மானிக்கலாம். 2017-ல் அதையும் திரும்பச் செய்தார்கள். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. அதன் மங்கல் பிறப்பிலேயே ஒரு நோக்கம். 1966-ன் நாக்டிலக்ஸ் வேறு ஜாதி. அது தெளிவை நோக்கிப் போராடிய பொருள். இருட்டில் காண வேண்டியிருந்தது. கையில் இருந்த கண்ணாடியும் மெஷினும் ஓர் எல்லைக்கு மேல் ஒத்துழைக்கவில்லை. அந்தப் போராட்டம் எங்கே தோற்றதோ அங்கேதான் பனி படர்ந்தது. இன்று காமிராவின் சென்சார் பிலிமைவிடப் பலமடங்கு இருட்டில் காண்கிறது. எஃப் 1.2-க்கு அவசியம் இல்லை. அவசியம் போனபின் மிஞ்சியது அதன் தழும்பு. தழும்பு அழகாக இருக்கலாம். காயம் படாதவன் அதை வரவழைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நாம் மட்டும் இதற்கு வெளியே நிற்பதாகத் தோன்றவில்லை. 1959-ல் ‘எழுத்து’ தொடங்கியபின் எழுதவந்தவர்களில் சிலருடைய கவிதை இருண்டிருந்தது. சொல்லவந்த அனுபவத்துக்குக் கையிலிருந்த தமிழ் இடம் கொடுக்காத இடத்தில் அது இருண்டது. அவர்கள் தெளிவைத்தான் தேடினார்கள். வாக்கியம் பாதியில் முறிந்ததற்கு அதுவே சாட்சி. இன்று நமக்கு வரும் கவிதைகளில் அதே முறிவு, அதே இருட்டு, எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மொழி இதற்குள் எவ்வளவோ பழகிவிட்டது. அந்த அனுபவங்களைச் சொல்ல இன்று வழிகள் உண்டு. இருந்தும் முறித்தே எழுதுகிறோம், முறிந்த வரிக்கு ஒரு குணம் இருப்பதாக நாமே சொல்லிவைத்திருக்கிறோம் என்பதற்காக. விமர்சகனும் அந்த நண்பரைப்போல முன்னால் நின்று, என்ன லென்ஸ் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நான் எழுதியவற்றிலும் இப்படிப்பட்ட பக்கங்கள் இருக்கலாம். அதைப் பிறர் சொல்லட்டும்.

புதிய நாக்டிலக்ஸில் எடுத்த படங்கள் பிறகு நிறைய வந்தன. பூனைகள், காப்பிக் கோப்பைகள், ராத்திரிக் கடைவீதி விளக்குகள். பனி எல்லாவற்றிலும் படர்ந்திருந்தது. ஒன்றே ஒன்றில், பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஒரு கிழவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. அதைத்தான் கேட்கத் தோன்றியது.