மணிலாவில் கேட்ட திட்டு

டிசம்பர் லீவுக்கு மணிலா போயிருந்தோம். சான்டியாகோ கோட்டையைச் சுற்றிக் காட்டியவர் என் தோழியின் அத்தை. ஓய்வுபெற்ற ஆசிரியை, தகலாக் மொழியில் கவிதை எழுதுகிறவர்.

கோட்டைத் தரையில் வெண்கலக் காலடித் தடங்கள். 1896 டிசம்பர் 30 அன்று ஹொசே ரிசாலைச் சுட்டுக்கொல்ல அழைத்துப்போன வழி அது. தன் கடைசிக் கவிதையைச் சின்ன அடுப்பு ஒன்றில் ஒளித்துத்தான் குடும்பத்தாரிடம் சேர்த்தாராம்.

"அவர் ஸ்பானிஷ்லதானே எழுதினார்? நீங்க ஏன் தகலாக்ல எழுதறீங்க?" என்றாள் என் மகள். பத்தாவது படிக்கிறாள், நோட்டு நிறையக் கவிதை, எல்லாம் ஆங்கிலத்தில்.

அத்தை சிரித்தார். "ஸ்கூல்ல எனக்கு ஆங்கிலம்தான். ஆனா பாட்டி திட்டினது தகலாக்ல. மொழிபெயர்த்தா அந்தச் சூடு ஆறிடுதே!"

வெளியே வண்டிக்காரரிடம் மாங்காய் வாங்கித் தந்தார். அதற்கு அங்கே 'மங்கா' என்று பெயர். மலாய் வழியாகப் போன நம்ம சொல்தான். மகள் கண் விரிந்தது.

ராத்திரி ஹோட்டலில், "அம்மா, பாட்டி உன்னை எப்படித் திட்டுவாங்க?" என்றாள்.

"சோம்பேறிக் கழுதை."

எழுத உட்கார்ந்தாள். சின்ன ரியா, பெரிய றியா? சிட்னியில் பிறந்த எனக்கும் சந்தேகம். அம்மாவுக்கு போன் போட்டோம். அங்கே நடுராத்திரி. எடுத்ததும் நன்றாகத் திட்டினார்.

மகள் அதையும் எழுதிக்கொண்டாள்.