வீட்டு பீரோவா, பேங்க் லாக்கரா?

போன ஜூலை மாசம். ஊருக்குப் போற ரயில் சோலாப்பூர் தாண்டியாச்சு, மணி ராத்திரி பதினொண்ணு. செம்பூர்லேர்ந்து நம்ம சங்கச் செயலாளர் போன். "சார், அம்மா ஒருத்தருக்கு அவசரமா பி நெகட்டிவ் ரத்தம் வேணும். லிஸ்ட் திறக்கவே மாட்டேங்குது!"

எப்படித் திறக்கும்? இருநூறு சொச்சம் குடும்பங்களோட விலாசம், போன், ரத்த குரூப் எல்லாம் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்கற பழைய கம்ப்யூட்டர்ல, மைஎஸ்கியூஎல்-ல தூங்குது. மழையில கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் போயாச்சு. வீடு பூட்டு, சாவி தங்கமணி ஹேண்ட்பேக்ல, அதுவும் அதே ரயில்ல. ஆளாளுக்கு போன் பண்ணி, ரெண்டு மணிக்கு ஒருத்தர் கிடைச்சார். அந்தம்மா பிழைச்சுட்டாங்க.

மூணு வருஷம் முன்னாடியே சாஃப்ட்வேர் தம்பி ஒருத்தர் சொன்னார். "மேனேஜ்டு சர்வீஸ்ல போட்ருங்க சார், பேக்கப், பேட்ச் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க." நான்தான் கேக்கலை. மாசாமாசம் எதுக்குக் காசு? நம்ம ஜனங்க விவரம் எதுக்கு வெளியாள் கையில? (பி.காம் மூளை! யுபிஎஸ் பேட்டரியையும் என் தூக்கத்தையும் செலவுல எழுத மறந்துடுச்சு.)

அதுக்காக "அவங்க பாத்துப்பாங்க"ங்கறதையும் நான் அப்படியே நம்பலை. லாக்கர் கவுண்டர்ல உக்காந்தவன் நான். திருட்டு, தீ, ஊழியர் மோசடின்னா பேங்க் பொறுப்பு வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைக்கும்தான்னு 2022 ஜனவரிலேர்ந்து ரிசர்வ் பேங்க் விதி. உள்ள எத்தனை பவுன் இருந்தாலும் அவ்வளவுதான். இங்கயும் அதே கதை. அமேசான் ஆர்டிஎஸ்-ல தானியங்கி பேக்கப் அதிகபட்சம் 35 நாள். தப்பா அழிச்சதை ரெண்டு மாசம் கழிச்சுக் கண்டுபிடிச்சா, கோவிந்தா! சர்வீஸ் படுத்தா பில்லுல கொஞ்சம் கழிப்பாங்க, நம்ம நஷ்டத்தைத் தர மாட்டாங்க.

சரி, நாமே வெச்சுக்கலாம்னா? 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப் கம்பெனியில ஒரு இஞ்சினியர் ஓடிட்டிருந்த டேட்டாபேஸையே தவறி அழிச்சுட்டார். பேக்கப் வழி அஞ்சு இருந்தும் ஒண்ணும் சரியா கைகொடுக்கலை. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த காப்பிதான் காப்பாத்துச்சு. அவங்க முழுநேர நிபுணருங்க. நான் ஞாயித்துக்கிழமை நிபுணன்.

கடைசியில மேனேஜ்டுக்கே மாறினோம். என்னைத் தள்ளினது டெக்னாலஜி இல்லை, டிரான்ஸ்பர் ஆர்டர். நாளைக்கு போபாலோ கௌஹாத்தியோ போட்டா, கட்டிலோட சங்க லிஸ்ட்டும் லாரியில ஏறிடுமே!

ஆனா வாராவாரம் ஒரு காப்பியை இறக்கி, பழைய பெட்டியில திறந்து, கேஷ் க்ளோஸிங் மாதிரி எண்ணிக்கையை டேலி பண்றேன். முதல் வாரம் கணக்கு கச்சிதமா டேலி ஆச்சு, தமிழ்ப் பேரெல்லாம் வெறும் கேள்விக்குறி! கேரக்டர் செட் கோளாறு. சரிபண்ண ரெண்டு ஞாயிறு போச்சு.

பாஸ்வேர்டு இப்ப ஜாயிண்ட் கஸ்டடி. பாதி என்கிட்ட, பாதி செயலாளர்கிட்ட. முழுசும் எழுதின கவர் ஒண்ணு, சீல் வெச்சு, லாக்கர்ல.