வாலாஜாபாத்தில் ஒரு தையல் மெஷின்

செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில், பழையசீவரம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவது என் வழக்கம். அடுத்த நிலையம் வாலாஜாபாத். ஊரை ஒட்டிப் பாலாறு. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள்!

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைச் சுமக்கும் ஊர் இது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் இங்கே பட்டாளம் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த சரித்திரமோ பெரியம்மா வீட்டுத் திண்ணையோடு சரி.

இங்கிருந்து காஞ்சிபுரம் போகும் வழியெல்லாம் நெசவு. கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் ஓர் உதவியாளும் வேண்டும். பெரியம்மாவுக்கும் அப்படி ஓர் உதவியாள் இருந்தான். கோடை விடுமுறைதோறும் அந்த உத்தியோகம் எனக்குத்தான். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கம்பளி நூல் சிட்டத்தைத் தாங்க வேண்டும். அவள் உருண்டையாகச் சுற்றுவாள். மே மாத வெயிலில் ஸ்வெட்டரா என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். பெரியப்பா அப்போது ராணுவத்தில், காஷ்மீரத்துப் பனியில் நின்றுகொண்டிருந்தார். பெரியம்மா சிரிக்க மாட்டாள்; ஊசியில் தையல்களை எண்ணுவாள்.

சங்கிலித் தையல், காம்புத் தையல், மணியில் கோத்த 'நல்வரவு', வயர்க் கூடை எல்லாம் அந்தத் திண்ணையில் கற்ற பெண்கள் எத்தனையோ பேர். நான் கற்றது காஜா எடுப்பது ஒன்றுதான். அதையும் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு காலம் மாறிற்று. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உருளத் தொடங்கியது, 2010-ல் ஒரகடத்திலும். வண்டலூர் சாலையில் கம்பெனி பஸ்கள் ஓடின. தையல் கற்க வந்த பெண்கள் ஷிப்டுக்குப் போனார்கள். (கைவேலைக்கு அங்கேயும் மதிப்பு உண்டு. புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியில் ஓடும் பொன்னிறக் கோடு, கையால் தூரிகை பிடித்து வரைந்தே பெயர் பெற்றது.)

சென்ற மாதம் நான் போனதே மெஷினுக்கு விடை கொடுக்கத்தான். கல்கத்தாவில் பிறந்த பழைய உஷா. பழைய இரும்புக்காரர் விலை பேசிவிட்டதாகப் பெரியம்மா போனில் சொன்னாள். "கண்ணு தெரியலேடா. வெச்சு என்ன பண்றது?" என்றாள்.

போய்ப் பார்த்தால், திண்ணை நிறைய ஒரே நிறத்துச் சட்டைகள்!

நடந்தது இதுதான். பேத்திக்கு வேலை கிடைத்தது. கொடுத்த யூனிபாரம் சட்டையின் தோள் முழங்கைக்கு இறங்கிற்று. "ஆயா, கொஞ்சம் பிடிச்சுக் குடேன்" என்றாளாம். மறுநாள் அந்தச் சட்டையைப் பஸ் முழுவதும் பார்த்தது. அவ்வளவுதான், வரிசையாக வந்துவிட்டார்கள்.

"இரும்புக்காரர்?"

"ரெண்டு தடவை வந்துட்டுப் போனார். அவரு பேன்டுக்கு ஜிப்பு வெச்சுக் குடுத்தேன்."

எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கண்? ஊசித் துவாரத்தை மூன்று முறை தப்பவிட்டதைப் பார்த்தேன். டாக்டரிடம் போகலாம் என்றேன். தீபாவளி போகட்டும் என்றாள். தீபாவளிக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. பேத்தி என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய், "மாமா, நான் கேட்டாலும் இதேதான்" என்றாள். வருகிற திங்கட்கிழமைக்கு இருவருமாகச் சேர்ந்து காஞ்சிபுரத்தில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினோம். பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வாசலில் இரவு ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. அவசரமாக உள்ளே ஓடிவந்த ஒரு பெண் சட்டையை வாங்கிக்கொண்டாள். மறக்காமல் ஊசியில் நூலைக் கோத்து வைத்துவிட்டு ஓடினாள்.