பெயர் சொல்லி அழைப்போம்!

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“முகம் நன்றாக நினைவிருக்கிறது, பெயர்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது!” என்று சொல்லாதவர் நம்மில் எவருமில்லை. முகம் கண்ணில் நிற்கிறது. பெயரோ காற்றோடு போய்விடுகிறது. இது ஏன்? இதற்கு வழிதான் என்ன?

இக்கல்வியாண்டின் தொடக்கத்தில், விடுதிக்குப் புதிதாக வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைக் கவனிக்கும் பொறுப்பை விடுதிச் சிஸ்டர் எனக்குத் தந்தார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாருடைய பெயரும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் இட்ட கட்டளை. ஒரே சீருடை, ஒரே இரட்டைச் சடை, ஒரே நீல ரிப்பன்! மலைத்துப்போய் நூலகத்துக்கு ஓடினேன். படித்ததையும் பட்டறிந்ததையும் தோழியருக்குச் சொல்ல விழைகிறேன்.

1987ஆம் ஆண்டு பிரிட்டனின் உளவியலாளர் சிலர் ஒரு சோதனை நடத்தினர். ஆங்கிலத்தில் ‘பேக்கர்’ என்பது ஒருவரின் பெயராகவும் இருக்கும். ரொட்டி சுடுபவரையும் குறிக்கும். இத்தகைய சொற்களை முகங்களோடு சேர்த்துக் கற்பித்தபோது, அதே சொல் பெயராக வந்ததைவிடத் தொழிலாக வந்தபோதே எளிதில் நினைவுக்கு வந்தது. ரொட்டிக்காரர் என்றதும் அடுப்பும் மாவும் மணமும் மனத்தில் எழுகின்றன. வெறும் பெயருக்கு அப்படி ஒரு படமில்லை. ஆகவே, பெயருக்கு ஒரு படம் கொடுப்பதே முதல் வழி.

நம் தமிழ்ப் பெயர்களுக்கு இது மிக எளிது. மல்லிகா என்றால் பூச்சரம். கயல்விழி என்றால் துள்ளும் மீன். புனிதர்களின் பெயர்களுக்கோ சுரூபங்களே துணை! ஆக்னஸ் கையில் ஆட்டுக்குட்டி, லூசியா கையில் கண்கள் வைத்த தட்டு, சிசிலியா அருகில் இசைக்கருவி, சிறுமலர் தெரேசா கையில் ரோஜா மலர்கள். எழுத்தறியாத மக்களும் புனிதர்களை இனங்கண்டது இந்த அடையாளங்களால்தானே! அந்தப் படத்தை அவளுடைய முகத்தோடு இணைத்துவிட வேண்டும். ரிப்பனையோ கம்மலையோ அடையாளமாகக் கொள்ளலாகாது. நாளைக்கே அவை மாறிவிடும்.

இரண்டாவது வழி, இடம். ஏறக்குறைய 2500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ், விருந்து மண்டபம் இடிந்து விழுந்து மாண்டவர்களை, யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பதைக் கொண்டே அடையாளம் காட்டினார் என்று ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியுள்ளார். நானும் சாப்பாட்டு அறையில் வரிசை வரிசையாகப் பிள்ளைகளை மனத்தில் பதித்துக்கொண்டேன்.

மூன்றாவது வழி, விட்டுவிட்டு நினைவுகூர்தல். 1978இல் லாண்டவர், பியார்க் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் பெயர்களை வைத்தே இதை ஆராய்ந்தனர். பெயரைக் கேட்டவுடன் ஒருமுறை, சற்றுப் பொறுத்து ஒருமுறை, இன்னும் நெடுநேரம் கழித்து ஒருமுறை என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நினைவுகூர்ந்தால் பெயர் நிலைக்கும். பட்டியலைப் பார்த்து நூறு முறை படிப்பதைவிடப் பாராமல் நான்கு முறை சொல்லிப் பார்ப்பது மேல் என்பது என் அனுபவம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முகத்தில் நாம் காணும் அடையாளம் நம் மனத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். எடுப்பான பல்லும் அம்மைத் தழும்பும் வாய்வழியே வெளிவந்தால் அது பட்டப்பெயராகிவிடும். பிஞ்சு மனம் புண்படும். மேலும், எவ்வளவு முயன்றாலும் முகங்களைப் பிரித்தறிய இயலாத மூளைக் குறைபாடும் சிலருக்கு உண்டு. 1947இல் போடமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதற்குப் பெயரிட்டார். எனவே, நம்மை மறந்தவர்மீது உடனே கோபம் கொள்ளலாகாது.

அந்த 42 பேரில் ஒருத்தி மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை, எவரோடும் பேசவுமில்லை. எல்லாரும் அவளைப் ‘புதுப் பொண்ணு’ என்றே அழைத்தார்கள். நான்காம் நாள் இரவு, தட்டை ஏந்தி நின்ற அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினாள். “அக்கா, என் பேரு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கரண்டி சோறு கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை, வெட்கப்படுவாள்!

அன்புத் தோழியரே! இந்தப் பயிற்சி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. நம் வகுப்பறையைப் பெருக்குபவரை ‘ஆயா’ என்கிறோம். வாயிலில் நிற்பவரை ‘வாட்ச்மேன் அண்ணா’ என்கிறோம். அவர்களுக்கும் பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர்கள் உண்டல்லவா? நாளைக் காலையில் சிரித்த முகத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்வோம். கேட்டதை மறவாதிருப்போம்!